ஒன்பது கட்டங்களில் பாடியது யார்

மாஸ்ரர், நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

சங்கத்தின் இந்த வருட மலரில் உங்களுடைய மெல்பேர்ன் நினைவுகள் வந்திருக்கின்றன. நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்தான் மட்டும் வாயை அடக்க முடியாமல் முணுமுணுத்து ஒரு கச்சேரியைக் கெடுத்தான் என்று அதில் பகிடியாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடவில்லை. பெரிய மனசுதான். ஆனால் எழுபதுகளில் அந்தப் பாடகர் குழுவில் இருந்த தமிழர் இரண்டே பேர். குழுவை நடத்தியவர் நீங்கள். பின்வரிசையில் நின்று பாடியவன் நான். பெயர் போட்டால் என்ன, விட்டால் என்ன.

என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவளுடைய மாமியார் வாசித்துச் சொல்லியிருக்கிறார். மகள் ரெலிபோன் எடுத்தாள். "அப்பா, டிட் யூ ரியலி டூ தட்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். இல்லை என்றேன். "இட்ஸ் ஓகே அப்பா, இட்ஸ் ஃபன்னி" என்றாள். நான் இல்லையென்று சொன்னதை அவள் நம்பவில்லை. பதினைந்து வருடம் இதை நான் சும்மா விட்டிருந்தேன். இனி விட ஏலாது. மலர் வாசித்த எல்லோரும் இதையும் வாசிக்கட்டும். சங்கீதம் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன்.

நான் படவரைஞன். எந்தத் தெருவுக்குக் கீழே எந்தக் கழிவுநீர்க் குழாய் எவ்வளவு சரிவில் போகிறது என்று வரைவதுதான் மெல்பேர்னில் என் வேலை. ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தேவாலயத்தில் பேஸ் குரல், அதாவது ஆகக் கீழ்க் குரல், பாடியவன். ஆகவே மேற்கத்திய இசைக்குறி வாசிக்கத் தெரியும், எழுதவும் தெரியும். நீங்கள் கொழும்பு. லண்டனில் சங்கீதம் படித்து, எனக்கு முன்னமே இங்கே வந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, வெள்ளைக்காரரின் பாடகர் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தீர்கள். யாரோ வீட்டுச் சாப்பாட்டில் என்னைக் கண்டீர்கள். நான் ஒரு பேப்பர் துண்டில் யாருக்கோ விலாசம் எழுதிக் கொடுத்ததை எட்டிப் பார்த்தீர்கள்.

"தம்பி, உம்மட எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. நோட்ஸ் எழுதுவீரோ?"

"எழுதுவன் மாஸ்ரர். பாடவும் பாடுவன்."

"பாடுறதுக்கு ஆக்கள் இருக்கினம். எழுதத்தான் ஆள் இல்லை."

அப்படித்தான் நான் உங்கள் குழுவுக்கு வந்தேன். எழுதுகிறவனாகத்தான் வந்தேன். பாட விட்டது கூலிக்குப் பதிலாக.

அந்தக் குளிர்காலத்துக்கு நீங்கள் ஒரு ரஷ்ய இசையமைப்பாளரின் மூன்று படைப்புகளை, மூன்று கச்சேரிகளுக்கு, தெரிந்தெடுத்தீர்கள். ஒன்று வாத்தியமே இல்லாமல் குரல்களுக்கு மட்டும். இன்னொன்று நாலு தந்தி வாத்தியங்களுக்கு. மூன்றாவது, மணிகள் சேர்த்த சிறிய ஓர்க்கெஸ்ட்ராவுக்கு. அந்த மனிதர் அப்போது லெனின்கிராட்டில் உயிரோடு இருந்தார். அவருடைய இசை எந்தக் கடையிலும் அச்சில் கிடைக்காது. எங்களுக்கு வந்தது போட்டோக்கள். கையெழுத்துப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்தையும் யாரோ ஜன்னல் ஓரமாக வைத்துப் படம் பிடித்து, தபாலட்டை அளவில் கழுவி, மேசைவிரிப்புகளுக்கு நடுவே வைத்துப் பார்சலாக அனுப்பியிருந்தார்கள். பார்சல் வந்தது எங்களுக்கு ரஷ்ய உச்சரிப்புச் சொல்லித்தந்த அம்மாவின் பெயருக்கு. அனுப்பியவர் லெனின்கிராட்டில் இருந்த அந்த அம்மாவின் அக்கா.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சீனா வழியாக அகதியாக வந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். தொண்டையில் ஒரு சத்திரசிகிச்சை செய்ததில் குரல் போய்விட்டது. கிசுகிசுக்க மட்டும்தான் முடியும். நாற்பது பேருக்கும் ரஷ்யச் சொற்களைக் கிசுகிசுத்துத்தான் படிப்பித்தார். அவர் வாயைத் திறந்தால் மண்டபத்தில் ஒருவரும் செருமக்கூட மாட்டார்கள். முதல் ஒத்திகையில் நாங்களும் அதேபோலக் கிசுகிசுத்தோம். அவர் எப்படிச் சொன்னாரோ அப்படித்தானே திருப்பிச் சொல்வோம். நாற்பது பேர் இருட்டில் நின்று யாரையோ பற்றி இரகசியம் பேசுவதுபோல இருந்தது. "பாடுங்கோ, கோள் சொல்லாதையுங்கோ" என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லி எல்லோரும் சிரித்தோம்.

இனிமையான சங்கீதம் என்று சொல்லமாட்டேன். அந்த மனிதர் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார். பூட்டிய அறைக்குள் கனபேர் ஒரே நேரத்தில் மெல்லக் கதைப்பதை வெளியில் நின்று கேட்பதுபோல இருக்கும். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. எழுதி எழுதித்தான் பிடித்தது.

எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். மேற்கத்திய இசையில் வரியை நிலைக்கோடுகளால் பிரிப்பார்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு கட்டம். ஒரு வாத்தியக்காரர் பல கட்டங்கள் சும்மா இருக்கவேண்டுமென்றால், எழுதுகிறவன் ஒரு தடித்த கோடு கீறி அதற்கு மேலே எண்ணைப் போட்டுவிடுவான். இந்த மூன்று படைப்பிலும் ஓர் இடத்தில் எல்லோருக்கும் ஒன்பது. குரல்களுக்கு ஒன்பது, வயலினுக்கு ஒன்பது, மணிக்கு ஒன்பது. ஒருவர் ஓய்வெடுக்கும்போது இன்னொருவர் வாசிப்பதுதான் வழக்கம். இங்கே ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாத இடத்தை ஏன் ஒன்பது என்று அளந்து வைத்திருக்கிறார்?

அதோடு, குரல்களுக்கான படைப்பின் அந்தப் பக்கத்துப் போட்டோவில் அந்த ஒன்பது கட்டமும் வெறுமையாக இல்லை. இது படவரைஞன் கண்ணுக்குத்தான் தெரியும். மையில் கீறியதைச் சவர அலகால் சுரண்டி எடுத்தால் கடுதாசி சொரசொரப்பாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது நிழலாகத் தெரியும். நாங்கள் அலுவலகத்தில் அதை ஆவி என்றுதான் சொல்வோம். பழைய குழாயை அழித்துப் புதிய குழாய் வரைந்தால், பழைய குழாய் எத்தனை வருடம் போனாலும் பிரதியில் ஆவியாகத் தெரியும். அந்த ஒன்பது கட்டத்திலும், எல்லா வரிகளுக்கும் மேலே தனியாக ஒரு வரியில், சுரண்டி எடுத்த சுரங்கள் இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு தனிப் பெண்குரலுக்கு எழுதிய மெட்டு.

உச்சரிப்பு அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். எனக்கு எல்லாம் எங்கள் பேச்சில்தான் நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"அது செத்தவைக்குச் செபம். மேலிடம் வெட்டச் சொல்லிப்போட்டுது. அவர் வெட்டினார். இடத்தை மட்டும் விட்டு வைச்சார்."

"ஆர் பாட இருந்தது?"

"என்ரை அக்கா. ஒத்திகையில மட்டும் பாடினவ."

"இப்ப எங்கை?"

"இந்தப் பார்சலுக்குப் பிறகு கடிதம் இல்லை."

போட்டோவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இங்கேதான் நான் இத்தனை வருடம் மறைத்ததைச் சொல்லவேண்டும். என் வேலையில் ஒரு விதி இருக்கிறது. மூலத்தில் இருக்கிற எந்த அடையாளத்தையும் நீயாகத் தீர்மானித்து விடக்கூடாது. விளங்காவிட்டால் பென்சிலால் மெல்லப் போட்டுவை, பெரியவரைக் கேள். குழுவுக்கு ஒரு ட்ரேசிங் தாளில், அதாவது பிரதி எடுப்பதற்கான வெளிச்சம் ஊடுருவும் தாளில், எழுதினேன். உங்களுக்குக் கண் பார்வை குறைவு என்பதால் பெரிய எழுத்தில் தனியாக இன்னொன்று எழுதினேன். உங்களுடைய தாளில் மட்டும், மேல் வரியில், ஆகக் கடினமான பென்சிலால் அந்தச் சுரங்களைப் போட்டேன். உங்களைக் கேட்கவேண்டும் என்றுதான் போட்டேன். கேட்க மறந்தேன். அலுவலகத்து அம்மோனியாப் பிரதி இயந்திரத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரதி எடுத்தேன். அந்தப் பென்சில் பிரதியில் விழாது என்று நினைத்தேன். பென்சிலை அழிக்காமலே தாளை என்னிடம் வைத்துக்கொண்டு, உங்களிடம் பிரதியைச் சுருட்டித் தந்தேன்.

வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. நாங்கள் அப்போது இரண்டு அறை பிளாட் ஒன்றில் இருந்தோம். சனிக்கிழமைகளில் பகல் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் எழுதுவேன். மனைவி குசினியில் நிற்பாள். ஒரு நாள் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். என் பேனா நின்றுவிட்டது. அந்த மெட்டு. ஒத்திகைக்கு ஒருநாளும் வராதவள். போட்டோவைக் கண்டதும் இல்லை. கண்டாலும் வாசிக்கத் தெரியாது.

"இஞ்சேர், உந்தப் பாட்டு எங்கை கேட்டனீர்?"

"எங்கை கேக்கிறது, உங்கட வாயிலதான். காலமையில இருந்து இதைத்தானே இழுத்துக்கொண்டு இருக்கிறியள்."

"நான் முணுமுணுக்கேல்லை."

"அப்ப ஆர், உந்த மேசையே?" என்றாள். "மனிசருக்குத் தலையிடி. வேறை பாட்டே இல்லையே உங்களுக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாயைத் திறந்ததாக எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து எழுதும்போது உதட்டுக்கு நடுவில் ஒரு நெருப்புக்குச்சியைக் கவ்விக்கொண்டேன். குச்சி விழுந்தால் பாடுகிறேன் என்று தெரியுமே. ஒரு மாதம் எழுதினேன். ஒருநாளும் விழவில்லை. ஆனால் மனைவி மட்டும், "இண்டைக்கும் பாடினியள்" என்பாள்.

குரல்களுக்கான முதல் கச்சேரி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. தேவாலய மண்டபம். மழை. வானொலிக்காரர் ஒலிப்பதிவு செய்ய வந்திருந்தார்கள். உங்கள் இடது தோளுக்குப் பக்கத்தில் உயரமான கம்பி ஒன்றில் மைக் நின்றது. மனைவி மூன்றாவது வரிசையில். உச்சரிப்பு அம்மா அவளுக்குப் பக்கத்தில். நான் பின்வரிசை, வலதுபக்கக் கடைசி.

மலரில் நீங்கள் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். அந்த ஒன்பது கட்டத்தை நாங்கள் ஒருநாளும் ஒத்திகை பார்த்ததில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் நீங்கள் கையால் தாண்டிக் காட்டுவீர்கள். "சும்மா நிக்கிறதுக்கு ஒத்திகை வேணுமோ? மண்டபத்தைப் பூட்ட வருவினம். அடுத்த பக்கம்." நாங்களும் அடுத்த பக்கம் போவோம். ஆகவே அந்த ஒன்பது கட்டமும் முதல் தடவையாக நடந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

நாற்பது குரலும் ஒரு சொல்லின் நடுவில் நின்றன. நீங்கள் கையால் தாளம் காட்டிக்கொண்டே இருந்தீர்கள். மெதுவான தாளம், ஒரு கட்டத்துக்கு நாலு. முதல் கட்டத்தில் கூரையில் மழை மட்டும் கேட்டது. இரண்டாவதில் மழை குறைந்தது. அல்லது எனக்கு அப்படிப் பட்டது. மூன்றாவது கட்டம் தொடங்கும்போது ஒருவர் பாடினார். வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல, மெல்ல, ஆனால் தயக்கமே இல்லாமல். தெரியாத பாட்டைத் தேடித் தேடிப் பாடவில்லை. இவ்வளவு நேரமும் அங்கேயே நின்று தன் முறை வந்ததும் பாடுகிறவர் பாடுவதுபோல. நான் சுரண்டலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த சுரங்கள், ஒன்று தப்பாமல், அதே நீளத்தில், என் காதுக்குத் திரும்பி வந்தன.

பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். வரிசைகளில் மெட்டைத் தெரிந்த முகம் என்னுடையது மட்டும்தான், அதனால் என் முகம்தான் மாறியிருக்கும். அதைப் பார்த்து அவர்கள் நான்தான் என்று நினைத்தார்கள். நீங்களும் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள், மாஸ்ரர். ஆனால் ஆகக் கடைசியாகப் பார்த்தவர் நீங்கள்தான். அதற்கு முன்னம் நீங்கள் உங்கள் இடதுபக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். அங்கே மைக்கைத் தவிர ஒன்றும் இல்லை. ஒன்பதாவது கட்டம் முடிந்தது. எல்லோரும் அதே சொல்லின் மிச்சப் பாதியைப் பாடினோம். என் பாதி எனக்கு வரவில்லை.

பிறகு தேத்தண்ணி. மண்டபத்துப் பின்னறையில், எல்லோரும் கோப்பையோடு நின்றபோது, நீங்கள் ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னீர்கள். "எங்கட ஆக்களுக்கு ஒரு மெட்டு காதில விழுந்தால் வாய் சும்மா இருக்காது, மன்னிச்சுக் கொள்ளுங்கோ." எல்லோரும் சிரித்தார்கள். மோசமான சிரிப்பில்லை, நல்ல மனிதர்கள். அதுதான் இன்னும் மோசம். பிறகு என்னைச் சுவரோரம் கூட்டிக்கொண்டுபோய்த் தமிழில் கதைத்தீர்கள்.

"பரவாயில்லை தம்பி. தெரியாமல் செய்திருப்பீர்."

"மாஸ்ரர், நான் வாய் திறக்கேல்லை."

"என்ரை முகத்துக்கு முன்னாலை நிண்டு பொய் சொல்லாதையும். எனக்கு இந்த ஆக்களிட்டை ஒரு மரியாதை இருக்கு. அதை எடுக்க எனக்கு எத்தினை வருசம் எண்டு உமக்குத் தெரியுமே?"

"அப்ப என்ரை மரியாதை?"

"நீர் எழுதுற ஆள்," என்றீர்கள். "இனி எழுதவும் வேண்டாம்."

வெளியில் போகும்போது உச்சரிப்பு அம்மா என் கையைப் பிடித்தார். முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் சந்தோசமாக இருந்தார். என் காதுக்குள் கிசுகிசுத்தார்.

"இந்தமுறை கடைசிவரைக்கும் பாட விட்டவை."

ஆர் விட்டது, ஆரை விட்டது என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு மழைக்குள் போனார். பிறகு எத்தனையோ தரம் கேட்டும் அப்படி ஒன்று சொல்லவே இல்லை என்றார்.

ட்ராமில், இறங்கும் இடத்துக்கு முந்தின தரிப்பில் மனைவி சொன்னாள்.

"நீங்கள் பாடேல்லை. நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். வாய் அசையேல்லை."

"அப்ப அதை அங்கை சொல்லியிருக்கலாமே."

"பெண்சாதி சொன்னால் ஆர் நம்புறது?" என்றாள். பிறகு கையிலிருந்த குடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா வீட்டில பாடுறதும் அதுதான். அதே குரல்தான். அது உங்கட குரல் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அன்றைக்குப் பின் அந்த மேசையில் நான் எழுதவில்லை. விற்றுவிட்டோம்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு வானொலி நிலையத்துக்குப் போனேன். ஒலிப்பதிவு செய்தவர் நல்ல ஆள், சுருட்டை முடி. நான் யார் என்று சொன்னதும், "நீர்தானே அந்த முணுமுணுப்பு?" என்றார். அப்படித்தான் மூன்று நாளில் என் பெயர் மாறியிருந்தது. ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டார்.

மழை கேட்டது. மழை குறைந்தது. பிறகு அந்தக் குரல். மாஸ்ரர், அது பெண்குரல். வயசான பெண்ணின் குரல். என் மனைவியின் குரல் எனக்குத் தெரியும், அவள் இல்லை. உச்சரிப்பு அம்மாவுக்குக் குரலே இல்லை. பேஸ் பாடுகிற ஒருவன் தலைகீழாக நின்றாலும் அந்தச் சுரத்துக்குப் போக முடியாது. இன்னொன்றும் கேட்டது. மூச்சு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் உள்ளே இழுக்கிற மூச்சு, அவ்வளவு கிட்டத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரோ நிற்பதுபோல.

"பின்வரிசையில நிண்டவர் பாடினால் இப்பிடி வராது," என்றார் சுருட்டை முடிக்காரர். "இது மைக்கிலயிருந்து ஒரு கை தூரம்."

"அந்தத் தூரத்தில ஆர் நிண்டது?"

"உங்கட மாஸ்ரர்தான். வேறை ஆர் நிக்கிறது அங்கை?"

அவர் வெறும் இயந்திரக்காரர், தன் வேலையைப் பற்றித்தான் சொன்னார். நீங்கள் முந்தின நாள் செவ்வாய்க்கிழமையே வந்து மூன்று தரம் கேட்டுவிட்டுப் போனதாகவும் சொன்னார். கேட்கக் கேட்கக் கதிரையை விட்டு எழும்பி நின்றீர்களாம். பிறகு, அந்த ஒன்பது கட்டத்தை வெட்டித் தரும்படி சொன்னீர்களாம். வெள்ளிக்கிழமை வெட்டினார்கள் என்று பிறகு அறிந்தேன். நாற்பது விநாடி நாடா, சின்னச் சுருளில், உங்கள் கையில் தந்தார்கள். அடுத்த வாரம் வானொலியில் போனபோது முன்பாதிச் சொல்லோடு பின்பாதி ஒட்டியிருந்தது. இடமே இல்லை. லெனின்கிராட்டில் குரலை மட்டும்தான் வெட்டினார்கள். நீங்கள் இடத்தையும் வெட்டினீர்கள்.

வானொலி நிலையத்துக்குப் போன அடுத்த நாள், அலுவலகத்தில் நான் உங்கள் ட்ரேசிங் தாளை மறுபடி இயந்திரத்தில் போட்டேன். அன்றைக்குப்போலவே, மேலதிகாரி வந்துவிடுவார் என்று பயந்து வேகமாக ஓட்டினேன். வேகமாக ஓட்டினால் வெளிச்சம் போதாமல் பிரதி கறுக்கும். கறுத்தால் மெல்லிய கோடும் விழும். பிரதி வெளியே வந்தது. மேல் வரியில் ஊதா நிறத்தில், மங்கலாக, ஆனால் வாசிக்கக்கூடியதாக, முழு மெட்டும் இருந்தது.

அதாவது, அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அந்தச் சுரங்களைக் கண்முன்னால் வைத்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான். அது என் பிழை. அழித்திருக்கவேண்டும், அல்லது கேட்டிருக்கவேண்டும். அதை வெளியே சொன்னால் குற்றம் என்மேல்தான் விழும் என்று நான் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மற்றது, நான் வீட்டில் பாடினேனோ இல்லையோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதையும் சொல்கிறேன். என் பக்கத்தில் இனி மறைக்க ஒன்றும் இல்லை.

உங்களுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"மாஸ்ரர், நாடாவைக் கேட்டனான். அது பொம்பிளைக் குரல்."

பின்னால் உங்கள் வீட்டு றேடியோ உரத்துப் பாடிக்கொண்டிருந்தது.

"உம்மட பென்சில்தான் எல்லாத்துக்கும் காரணம்," என்றீர்கள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும், நான் பாடேல்லை எண்டு."

"நான் ஒண்டும் சொல்லேல்லை, தம்பி. நீரும் ஒண்டும் சொல்லாதையும்." வைத்துவிட்டீர்கள்.

பென்சிலைப் பற்றி நான் உங்களிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

நாலு வாத்தியக் கச்சேரிக்கு நான் போகவில்லை. ஓர்க்கெஸ்ட்ராக் கச்சேரிக்குப் போனேன். காசு கொடுத்து, ஆகப் பின்னால், தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். அதிலும் ஒன்பது கட்டம் வரும் என்று எனக்குத் தெரியும், எழுதியவன் நான்தானே. அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. நீங்கள் உங்கள் தாளக் கோலால் இசைத்தாள் வைக்கிற இரும்புத் தாங்கியில் தட்டத் தொடங்கினீர்கள். ஒரு கட்டத்துக்கு நாலு தட்டு, உரத்து, முப்பத்தாறு தட்டு. சபையில் சிலர் அதுவும் சங்கீதம் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது சங்கீதம் இல்லை. பக்கத்து அறையில் ஏதோ கேட்கக்கூடாது என்று றேடியோவைக் கூட்டி வைப்பதுபோல. தட்டும்போதெல்லாம் உங்கள் தலை இடதுபக்கம் திரும்பாமல் நேரே இருந்தது. கழுத்து நரம்பு தெரிய நேரே வைத்திருந்தீர்கள்.

அதற்குப் பிறகு பதினைந்து வருடத்தில் சங்கக் கூட்டங்களில் எத்தனையோ தரம் உங்களைக் கண்டிருக்கிறேன். இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம் என்று தலைவர் சொன்னதும் நீங்கள் செருமுவீர்கள். வீட்டுக் கதவுத் திறப்புக் கோர்வையைக் குலுக்குவீர்கள். ஒருமுறை கதிரையை இழுத்தீர்கள். ஆட்கள் உங்களுக்கு வயசாகிவிட்டது என்றார்கள். நான் பேசாமல் இருந்தேன். எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. மலரில் எழுதி அந்த இரக்கத்தை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

குழாய் வரைகிறவன் நான். ஆவியென்றால் எனக்குச் சுரண்டிய கடுதாசிதான். செத்தவர் பாடினார் என்று நான் சொல்லவரவில்லை. அந்த அக்கா செத்தாரா இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. பாடியது உங்கள் வாயா, அல்லது உங்கள் தோளுக்குப் பக்கத்தில் வேறு ஒன்றா என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இரண்டு. நான் பாடவில்லை. அது உங்களுக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை மூன்று தரம் கேட்டதிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டே பின்னறையில் சொன்ன பகிடியைத் திருப்பி எடுக்காமல் விட்டீர்கள். தெரிந்துகொண்டே அதை அச்சிலும் போட்டீர்கள்.

அடுத்த மாதம் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம். என் மகளைக் கூட்டிக்கொண்டு வருவேன், முன்வரிசையில் இருப்போம். அந்தச் சின்னச் சுருளைக் கொண்டுவாருங்கள். எறிந்திருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். அதை எறிகிற தைரியம் உங்களுக்கு இல்லை. மேடையில் எல்லோருக்கும் முன்னால் போடுங்கள். நாற்பது விநாடிதான். செருமாமல், திறப்பைக் குலுக்காமல், கதிரையை இழுக்காமல் நின்று கேளுங்கள். பிறகு மைக்கில் சொல்லுங்கள், மாஸ்ரர், தமிழிலும் சொல்லுங்கள், என் மகளுக்கு விளங்க ஆங்கிலத்திலும் சொல்லுங்கள்: அது ஆருடைய குரல்?